சிறிய விளம்பரத் தொழிலுக்கு ஆட் சர்வர் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஈரோட்டில் இருந்துகொண்டு ஒரு மாவட்டச் செய்தித் தளம், ஒரு சமையல் தளம், வேலைவாய்ப்புத் தகவல் தரும் ஒரு தளம் என மூன்றுக்கும் விளம்பரம் பிடிக்க ஆரம்பித்தபோது ஆட் சர்வர் என்ற சொல்லே எனக்குத் தெரியாது. ஜவுளிக்கடைக்காரர் பேனர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைத் தளத்தின் பக்கவாட்டில் ஒட்டுவேன், மாதம் முடிந்ததும் எடுத்துவிடுவேன். இரண்டு விளம்பரதாரர் இருந்தவரை இப்படியே ஓடியது. ஏழாவது ஆள் சேர்ந்த மாதத்தில், யாருடைய பேனர் எந்தத் தளத்தில் எந்தத் தேதிவரை என்பது நோட்டில் ஒன்றாகவும் தளத்தில் வேறாகவும் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நம்ம விளம்பரத்த எத்தன பேரு பாத்துருக்காங்க?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் அவர் விளம்பரம் தரவில்லை.

ஆட் சர்வர் என்றால் விளம்பரத்தைக் காட்டும் மென்பொருள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காட்டுவது சுலபமான பாதி. அதன் முக்கியமான வேலை கணக்கு எழுதுவது. வாசகர் பக்கத்தைத் திறக்கிறார், பக்கத்தில் நீங்கள் வைத்த ஒரு சின்ன நிரல்துண்டு, அதாவது டேக், சர்வரிடம் "இந்த இடத்துக்கு என்ன விளம்பரம்?" என்று கேட்கிறது. சர்வர் யாருக்கு முன்னுரிமை, யாருடைய கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று பார்த்து ஒன்றை அனுப்பிவிட்டு, அனுப்பியதைக் குறித்துக்கொள்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்து முடிகிறது. ஆக, கடைக்கு நல்ல கணக்குப்பிள்ளையைத் தேடுவதுபோலத் தேடுங்கள். என்னென்ன வசதிகள் என்ற நீளமான பட்டியலை முதலில் பார்க்காதீர்கள்.

முதல் படி: மென்பொருளைப் பார்க்கும் முன் ஒரு தாள்

ஒரு வெள்ளைத்தாளில் நீங்கள் எதை எப்படி விற்கிறீர்கள் என்று எழுதுங்கள். மாத வாடகையாக விற்கிறீர்களா, ஆயிரம் தடவை காட்ட இவ்வளவு என்று சிபிஎம் கணக்கிலா, கிளிக்குக்கு இவ்வளவு என்றா? உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு மாத வாடகைதான் சட்டென்று புரியும். செய்தித்தாளில் இடம் வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். நகரத்து ஏஜென்சி வழியாக வரும் விளம்பரம் பெரும்பாலும் சிபிஎம் கணக்கில் வரும். இரண்டும் உங்களிடம் இருந்தால் இரண்டையும் செய்யத் தெரிந்த மென்பொருள் வேண்டும்.

அப்புறம் எண்ணிக்கை. மாதம் 3 லட்சம் பக்கப் பார்வைகள், பக்கத்துக்கு 3 ஸ்லாட், அதாவது விளம்பர இடம், என்றால் 9 லட்சம் இம்ப்ரெஷன். ஒரு தடவை விளம்பரம் காட்டுவது ஓர் இம்ப்ரெஷன். எல்லாவற்றையும் ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று விற்றுவிட்டால் 36,000 ரூபாய். ஆனால் எல்லாம் விற்காது. பாதி விற்றால் 18,000. இந்த நிலையில் மென்பொருளுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். விலைப்பட்டியலைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "மலிவாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் விற்பனைப் பிரதிநிதிக்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.

வீடியோ விளம்பரம் விற்கிறீர்களா, மொபைல் ஆப் இருக்கிறதா, தளங்கள் உங்களுடையவையா அல்லது பிறருடையவையா என்பதையும் அதே தாளில் குறியுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். என்றோ ஒருநாள் வீடியோ விற்போம் என்று இன்றைக்கே அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உங்களுக்கு இது தேவையா?

கூகுளே விளம்பரம் பிடித்து உங்கள் தளத்தில் காட்டும் ஆட்சென்ஸ் மட்டும்தான் போடுகிறீர்கள், கடைகளிடம் நேரடியாக எதுவும் விற்பதில்லை என்றால் ஆட் சர்வர் தேவையே இல்லை. ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது; அதன் டேக்கை ஒட்டினால் போதும். ஒரே ஒரு வேர்ட்பிரஸ் தளம், நாலைந்து விளம்பரதாரர் என்றால் அட்வான்ஸ்டு ஆட்ஸ், ஆட்ரொட்டேட் போன்ற பிளகின், அதாவது தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள், ஒன்று போதுமானது. அதில் ஒரு கவனம்: தளத்தில் கேஷ் பிளகின் இருந்தால் வாசகர்கள் எல்லோருக்கும் சேமித்து வைத்த ஒரே பக்கம்தான் போகும். பேனர் மாறாது, எண்ணிக்கையும் தப்பும். கேஷோடு ஒத்துப்போகும் அமைப்பு அந்த பிளகினில் இருக்கிறதா என்று பார்த்து, அதை இயக்கிவிடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட தளம், பத்து விளம்பரதாரர், "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்ற கேள்வி. இந்த மூன்றில் இரண்டு வந்துவிட்டால் ஆட் சர்வருக்கு நேரம் வந்துவிட்டது.

மூன்றாம் படி: மூன்று பாதைகளில் ஒன்று

முதல் பாதை கூகுள் ஆட் மேனேஜர். டபிள்கிளிக் என்ற நிறுவனத்தை கூகுள் 2008இல் வாங்கி முடித்தது. அதன் பதிப்பாளர் மென்பொருள்தான் 2018இல் இந்தப் பெயருக்கு மாறியது. குறிப்பிட்ட இம்ப்ரெஷன் அளவுவரை சிறு தொழில்களுக்கு இலவசம். அந்த அளவு நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் சிறிய தளங்கள் அதைத் தொடுவது அபூர்வம். உள்ளே நுழைய ஆட்சென்ஸ் கணக்கு வேண்டும்.

திறந்தவுடன் மிரட்டும். ஆர்டர், லைன் ஐட்டம், ஆட் யூனிட் என்று சொற்கள் வரிசையாக வரும். மிரள வேண்டாம். ஒரு விளம்பரத்தை எப்போது, எவ்வளவு காட்டுவது என்று எழுதும் பதிவுதான் லைன் ஐட்டம். அதில் பல வகை இருந்தாலும் உங்களுக்கு மூன்று போதும். மாத வாடகைக்கு விற்றதற்கு ஸ்பான்சர்ஷிப். இத்தனை இம்ப்ரெஷன் என்று எண்ணி விற்றதற்கு ஸ்டாண்டர்ட். எதுவும் இல்லாத நேரத்தில் உங்கள் சொந்த விளம்பரம் ஓட ஹவுஸ். விற்காத இடத்தை ஆட்சென்ஸ் தானாக நிரப்பிக்கொள்ளும்படி வைக்கலாம். இதன் பெரிய பலமே அதுதான். ரிப்போர்ட் குறிப்பிட்ட நாளில் மின்னஞ்சலில் தானாகப் போகும்படியும் செய்யலாம்.

இலவசம் என்பதால் யோசிக்காமல் போகாதீர்கள். உங்கள் கணக்கு கூகுளின் கொள்கைகளுக்குக் கட்டுப்பட்டது. பிறர் தளங்களுக்கு நீங்கள் விற்றுத் தருபவர் என்றால், அந்தத் தளங்களைச் சேர்க்கத் தனி விதிமுறைகள் உண்டு. தொடங்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா நீதிமன்றம் ஒன்று, பதிப்பாளர் ஆட் சர்வர் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதற்காக நீங்கள் ஓட வேண்டியதில்லை. ஒரே கம்பெனி கணக்கும் எழுதி, சரக்கும் விற்று, தரகும் வாங்கும்போது நம் பக்கம் ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதை, நீங்களே நிறுவிக்கொள்ளும் ரிவைவ் ஆட்சர்வர். திறமூல மென்பொருள், கட்டணம் கிடையாது. பிஹெச்பி ஆட்ஸ் நியூ என்று தொடங்கி, ஓபன்எக்ஸ் என்று பெயர் மாறி, 2013இலிருந்து ரிவைவ் என்று வழங்குகிறது. பிஹெச்பியும் மைஎஸ்கியூஎல்லும் உள்ள சர்வர் போதும். இதன் அடுக்குமுறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் வெப்சைட், அதற்குள் ஸோன், அதாவது விளம்பர இடம். இன்னொரு பக்கம் விளம்பரதாரர், அவருக்குக் கீழே கேம்பெய்ன், அதற்குள் பேனர். எந்த ஸோனில் எந்த கேம்பெய்ன் என்று இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. விளம்பரதாரருக்குத் தனி லாகின் கொடுத்து, அவருடைய எண்ணிக்கையை அவரே பார்க்கும்படி செய்யலாம். உள்ளூர் வியாபாரத்தில் இதற்கு இருக்கும் மதிப்பு பெரியது.

இலவசம் என்றாலும் உழைப்பு உங்களுடையது. இதில் பராமரிப்பு நிரல் ஒன்று மணிக்கொரு முறை ஓட வேண்டும். அதை கிரான் வேலையாக, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி, சர்வரில் போட்டு வைக்க வேண்டும். அது நின்றுபோனால் புள்ளிவிவரம் நிற்கும், இன்று எத்தனை காட்டுவது என்ற பங்கீடும் குழம்பும். புதிய பதிப்பு வந்ததும் ஏற்றிவிடவும் வேண்டும். ஓபன்எக்ஸ் காலத்தில், அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கும் 2.8.10 பதிப்புக்குள்ளேயே யாரோ திருட்டு வாசல் ஒன்றை வைத்திருந்தது 2013 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. ஆட் சர்வருக்குள் புகுந்தவன் உங்கள் எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் புகுந்தவன். சர்வர் பார்க்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால் இந்தப் பாதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சுமையையும் யோசியுங்கள். மாதம் 9 லட்சம் என்றால் நாளுக்கு 30,000 இம்ப்ரெஷன், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது சமமாக வராது. பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் வேலைவாய்ப்புத் தளத்துக்கு ஒரு வாரக் கூட்டம் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்கும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் அன்றைக்குக் கைவிடும். அன்றைக்குத்தான் விளம்பரதாரரும் தளத்தைத் திறந்து பார்ப்பார்.

மூன்றாவது பாதை, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் சர்வரிலேயே நடத்தித் தரும் சேவைகள். ஆட்பட்லர் பொதுப் பயன்பாட்டுக்கானது. பிராட்ஸ்ட்ரீட் உள்ளூர்ச் செய்தித் தளங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. முன்பு ஆட்ஸர்க் என்று இருந்த கெவெல், நிரலாளர்களை வைத்துக்கொண்டு சொந்த விளம்பர அமைப்பைக் கட்டுபவர்களுக்கு. புதிதாக வருபவருக்கு அது அதிகம். இந்த வகையில் விலையைக் கேட்கும்போது ஒரு கேள்வியை விடாதீர்கள்: கட்டணம் இம்ப்ரெஷனுக்கா, டேக் சர்வரிடம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கைக்குமா? விளம்பரம் இல்லாமல் காலியாகத் திரும்பிய கோரிக்கையையும் சேர்த்து எண்ணினால், பாதி இடம் விற்காத உங்களுக்குக் கட்டணம் இரட்டிப்பாகப் படும். அளவு தாண்டினால் கூடுதல் கட்டணமா, விளம்பரம் நிறுத்தமா என்றும் கேளுங்கள். ரிசல்ட் நாள் நினைவிருக்கட்டும். டாலரில் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் வெளிநாட்டுச் சேவைக்கான ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

என் அபிப்பிராயம் இது. தளம் உங்களுடையது, ஆட்சென்ஸும் உண்டு என்றால் ஆட் மேனேஜர். சர்வர் தெரிந்த ஆள் கூட இருக்கிறார், கடைக்காரருக்கு லாகின் தர வேண்டும் என்றால் ரிவைவ். மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கி, தொலைபேசியிலோ சாட்டிலோ உதவ ஆள் கிடைத்தால் கட்டணச் சேவை.

நான்காம் படி: எண்ணுவதைச் சோதியுங்கள்

இங்கே நேரம் செலவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

பாத்திரக்கடை ஒன்றின் விளம்பரத்துக்கு எங்கள் ரிப்போர்ட்டில் 640 கிளிக். கடைக்காரரின் மகன் அவர்கள் தளத்துக்கு வருபவர்களை எண்ணும் அனலிட்டிக்ஸைத் திறந்து, 410 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றார். ஏமாற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார். இரண்டு எண்ணுமே சரி. நாங்கள் எண்ணியது விரல் பட்ட நொடியை. அவர்கள் எண்ணியது தளம் முழுக்கத் திறந்து அனலிட்டிக்ஸ் நிரல் ஓடிய பிறகு. அவர்களுடைய முகப்புப் பக்கம் என் போனில் திறக்க ஒன்பது நொடி ஆனது. பாதியில் திரும்பியவர்கள், கைதவறித் தொட்டவர்கள், கிளிக் செய்யும் தானியங்கி நிரல்களான பாட்கள் எல்லாம் அந்த 230க்குள் இருந்தார்கள். அவரை உட்காரவைத்து அவருடைய தளத்தையே போனில் திறந்து காட்டிய பிறகுதான் சமாதானமானார். அதிலிருந்து ஒவ்வொரு பேனரின் இணைப்பிலும் யூடிஎம் குறிச்சொல் சேர்த்துத்தான் போடுகிறேன். எங்களிடமிருந்து வந்தவர்கள் அவர்கள் அனலிட்டிக்ஸில் தனியாகத் தெரிவார்கள்.

ஆகவே மென்பொருளிடம் கேளுங்கள்: இம்ப்ரெஷனை எப்போது எண்ணுகிறாய்? சர்வர் அனுப்பியதும் எண்ணுவது ஒன்று, திரையில் வரையத் தொடங்கியதும் எண்ணுவது வேறு. கண்ணில் படும்படி இருந்ததை எண்ணுவது இன்னும் வேறு. பேனரின் பாதிப் பரப்பு குறைந்தது ஒரு நொடி திரையில் இருந்தால்தான் பார்க்கப்பட்டது என்பது பொது அளவுகோல், வீடியோவுக்கு இரண்டு நொடி. பக்கத்தின் அடியில் இருக்கும் ஸ்லாட்டுக்கு இந்த எண் பாதாளத்தில் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு விலை வைப்பது நேர்மை. பாட்களை வடிகட்டுகிறதா என்பதையும் கேளுங்கள்.

இரண்டு சர்வர்கள் எண்ணினால் எண் ஒத்துவராது என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்க ஏஜென்சிகளும் பதிப்பாளர்களும் ஏற்றுக்கொண்ட பொது ஒப்பந்த வாசகத்திலேயே 10 சதவீத வித்தியாசம் ஓர் எல்லையாக இருக்கிறது. உங்கள் ஆர்டர் படிவத்திலும் ஒரு வரி போடுங்கள்: பில்லுக்கு யாருடைய எண்ணிக்கை செல்லும், எத்தனை சதவீதம் தாண்டினால் உட்கார்ந்து பேசுவது. இணைய விளம்பரத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். செய்தித்தாள் இடத்துக்குக் கட்டிப் பழகியவர்கள் 5 சதவீதம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்து நேர மண்டலம். சின்ன விஷயம் என்று தோன்றும். ஒரு தீபாவளிக்கு இனிப்புக்கடை விளம்பரத்தை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்க வைத்திருந்தேன். காலை நாலரைக்கு எழுந்த கடைக்காரர் தளத்தைப் பார்க்கிறார், விளம்பரம் இல்லை. மென்பொருள் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. எனவே நம் காலை 5.30க்குத்தான் அதற்கு நள்ளிரவு. கணக்குத் தொடங்கும் நாளிலேயே இந்திய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் மாற்றினால் பழைய ரிப்போர்ட்டும் புதியதும் ஒட்டாது.

ஒருவருக்கே ஒரே பேனரை நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் காட்டாதே என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் குக்கீயை, அதாவது வாசகரின் உலாவியில் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பை, நம்பி நடக்கிறது. ஐபோனின் உலாவியான சஃபாரி 2020இலிருந்து பிற தளக் குக்கீகளை முழுக்கத் தடுக்கிறது. எனவே ஐபோன்காரர்களிடம் இந்தக் கட்டுப்பாடு நழுவலாம். சர்வர் உங்கள் சொந்த டொமைனின் கீழ் இயங்க வழி உண்டா என்று கேளுங்கள்.

பேனர் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 300க்கு 250 அளவுதான் தமிழுக்கு உகந்தது என்பது என் அனுபவம். 320க்கு 50இல் "ஆடித் தள்ளுபடி விற்பனை" என்று எழுதினால் போனில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கடைகளிலிருந்து வரும் படங்கள் சில சமயம் 4 எம்பி இருக்கும். 150 கேபிக்குள் சுருக்கிப் போடுங்கள். அளவு மீறிய படத்தை ஏற்றும்போதே தடுக்கும் மென்பொருள் கிடைத்தால் நல்லது. பக்கத்தில் விளம்பரத்துக்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் செய்தி படித்துக்கொண்டிருப்பவரின் வரி திடீரென்று கீழே குதிக்கும்.

ஐந்தாம் படி: ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்

தேர்ந்தெடுத்ததும் எல்லா ஸ்லாட்டையும் மாற்றிவிடாதீர்கள். ஒரே ஸ்லாட், ஒரு வாரம், உங்கள் சொந்த விளம்பரம். அந்தப் பக்கத்தின் அனலிட்டிக்ஸ் எண்ணையும் ஆட் சர்வர் எண்ணையும் தினமும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களால் ஆட் சர்வர் எண் கொஞ்சம் குறையும், அது இயல்பு. கூடினால் எங்கோ டேக் இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய ஆண்ட்ராய்டு போனில், சிக்னல் மங்கலான இடத்தில் நின்று திறந்து பாருங்கள். பக்கம் முன்பைவிடத் தாமதமாகிறதா?

இரண்டாம் வாரம், உங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு விளம்பரதாரரை மாற்றுங்கள். மூன்றாம் வாரம் அவருக்கு ரிப்போர்ட் அனுப்பி, விளக்காமல் விட்டு, அவருக்கு என்ன புரிகிறது என்று கேளுங்கள். அவருக்குப் புரியாத ரிப்போர்ட் எத்தனை அழகான வரைபடங்களோடு வந்தாலும் பயனில்லை. தேவையானது நான்கு எண்கள்தான்: எத்தனை தடவை காட்டினோம், எத்தனை கிளிக், எந்தத் தளத்தில், எந்தத் தேதிகளில்.

ஆறாம் படி: வெளியேறும் வழி

சிஸ்மெக் என்ற பெரிய விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதன் ஆட் சர்வரை அமேசான் வாங்கி, 2024ஆம் ஆண்டோடு மூடிவிட்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் இடம் மாற வேண்டியதாயிற்று. இலவசமோ கட்டணமோ, நீங்கள் தேர்ந்தெடுப்பதும் ஒருநாள் நிற்கலாம். எனவே ரிப்போர்ட்டை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்க முடியாத எதையும் எடுக்காதீர்கள். மாதத்தின் முதல் நாள் போன மாதக் கணக்கை இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில், ஒரே இடத்தில் டேக்கை வையுங்கள். நானூறு பதிவுகளுக்குள் கையால் ஒட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கியவன் சொல்கிறேன்.

மாற்றத்துக்கு நாளும் பார்க்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கு முன்பும், தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் எதையும் தொடாதீர்கள். வருடத்தில் அதிகப் பணம் புரளும் நாட்கள் அவை, ஒரு மணி நேரம் பேனர் வராவிட்டாலும் போன் வரும். பொங்கல் முடிந்து கடைகள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பிப்ரவரி நல்ல மாதம். ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில் மாற்றுங்கள், அன்று மாலைவரை எண்களைப் பார்க்க ஆள் இருக்கும். பழைய பேனர்களை உடனே அழிக்காமல் ஒரு வாரம் அப்படியே வைத்திருங்கள்.